வெள்ளத்தில் நின்ற வண்டியும் கியர்பாக்ஸ் சத்தமும்

(நம் சங்கத்தின் செப்டம்பர் மாதக் கூட்டத்தில் பேசியது. நேரம் போதாமல் அன்று விட்டுப்போன சில விவரங்களையும் சேர்த்திருக்கிறேன்.)



மழைக்காலம் வருவதற்கு முன்னால் வண்டிகளைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்கள் என்று நம் செயலாளர் கேட்டார். எனக்கும் வண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் நினைக்கலாம். நான் பி.காம். படித்தவன். வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். ஒரு கியர்பாக்ஸின் உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்ததே இந்த ஜூலை மாதம்தான். அதுவும் ஷெட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மெக்கானிக் பிரிக்கப் பிரிக்கப் பார்த்தது. "தப்பு செய்தவர்தானே அதைப் பற்றிச் சரியாகச் சொல்ல முடியும்?" என்று செயலாளர் சொன்னார். மறுக்க முடியவில்லை.

போன வருஷம் நடந்தது உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. டிசம்பர் 1 காலை வரையிலான 24 மணி நேரத்தில் நம் மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. அன்றைக்குச் செய்திகளில் மழைப் பட்டியலின் முதல் வரியில் மயிலம் என்று வந்ததும், சென்னையில் இருக்கும் என் மைத்துனர் போன் செய்து "உங்க ஊரா அது?" என்று கேட்டார். பங்குனி உத்திரத்துக்கு மட்டும் பேப்பரில் வரும் ஊர் இப்படியா வர வேண்டும்?

நம் கீழ்த்தள பார்க்கிங்கில் விடியற்காலையில் தண்ணீர் ஏறியது. என்னுடையது 2003-ஆம் வருஷத்து மாருதி 800. டயரில் முக்கால் உயரத்துக்குத் தண்ணீர். இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே கூடாது என்ற ஒரு விஷயம் மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது, செய்யவில்லை. தண்ணீர் வடிந்ததும் தள்ளிக்கொண்டு போய் வெயிலில் நிறுத்தினோம். சீட்டைக் கழற்றிக் காயவைத்தேன். கார்ப்பெட்டைப் பிய்த்துப் போட்டேன். மெக்கானிக்கை வரவழைத்து இன்ஜின் ஆயில் மாற்றினேன், பிரேக்கைத் திறந்து சுத்தம் செய்யச் சொன்னேன், பேட்டரி புதிது போட்டேன். வண்டி முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆனது. எனக்கு ஒரே பெருமை. பக்கத்து பிளாக்கில் புது வண்டிகள் எல்லாம் கிரேனில் போகும்போது என் இருபத்தோரு வயது வண்டி தானாக ஓடுகிறதே என்று நாலு பேரிடம் சொன்னேன்.

கியர்பாக்ஸ் ஆயிலைப் பற்றி நானும் நினைக்கவில்லை, வந்த மெக்கானிக்கும் கேட்கவில்லை. இன்ஜினுக்கு ஒரு ஆயில், கியர்பாக்ஸுக்கு வேறு ஆயில் என்பதே கார் வைத்திருக்கும் பலருக்கு ஞாபகம் இருப்பதில்லை. இன்ஜின் ஆயிலுக்கு அளவு பார்க்கும் குச்சி இருக்கிறது, காட்டும் விளக்கு இருக்கிறது. கியர்பாக்ஸில் பெரும்பாலும் இரண்டுமே கிடையாது. கீழே படுத்துப் பார்த்தால்தான் உண்டு.

ஏப்ரல் மாதம் முதல் சத்தம் வந்தது. மூன்றாவது, நான்காவது கியரில் மெல்லிசாக "ஊய்ங்" என்று ஒரு முனகல். காலையில் கிளம்பிக் கூட்டேரிப்பட்டு வழியாகத் திண்டிவனம் போகும் வரை ஒன்றும் இருக்காது. திரும்பி வரும்போதுதான் வரும். வெயில் நாளில் சீக்கிரம் வரும். வண்டியை நிறுத்தி பானெட்டைத் திறந்தால் கந்தகம் போல ஒரு நெடி. சூடாக இருக்கும்போது இரண்டாவது கியர் உள்ளே விழ அடம்பிடிக்கும், ஆறிய பிறகு வெண்ணெய் போல விழும்.

ஒரு ஒர்க் ஷாப்பில் காட்டினேன். பெயர் வேண்டாம். தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும். ரேடியோவைச் சத்தமா வைங்க" என்றார்கள். டாக்டர் வீட்டு வாசலில் காய்ச்சல் விட்டுப் போவது போலத்தான். ஆறிய வண்டியை 500 மீட்டர் ஓட்டினால் சத்தம் எங்கிருந்து வரும்? சூடேறி ஆயில் நீர்த்த பிறகுதானே பல்சக்கரங்களும் பேரிங்குகளும் வாயைத் திறக்கும்? இது எனக்கு அப்போது தெரியாது. அவர்கள் சொன்னது என் காதுக்கு இதமாக இருந்தது, ஒப்புக்கொண்டேன்.

வங்கியில் சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று உண்டு. கணக்கு டாலி ஆகவில்லை, காரணமும் தெரியவில்லை என்றால், வித்தியாசத்தை அதில் தூக்கிப் போட்டுவிட்டு அன்றைய நாளை முடித்துவிட்டு வீட்டுக்குப் போவோம். மறுநாள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது விதி. மறந்தால் வருஷக் கடைசியில் ஆடிட்டர் வந்து நிற்பார். முப்பது வருஷத்துக்கு மேல் அந்த வேலை பார்த்த நான், அந்தச் சத்தத்தை இரண்டு மாதம் சஸ்பென்ஸில் வைத்திருந்தேன்.

ஜூன் மாதம் ஒரு இரவு, பதினொன்றரை மணி இருக்கும். மேல் மாடியிலிருந்து ஒரு தம்பி ஓடி வந்து கதவைத் தட்டினார். அவருடைய அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது, வழக்கமாகப் பார்க்கும் ஆஸ்பத்திரி புதுச்சேரியில், உடனே போக வேண்டும். வண்டியை எடுத்தேன். அம்மாவும் மகனும் பின் சீட்டில். இங்கிருந்து புதுச்சேரி முப்பது கிலோமீட்டர் சொச்சம். அவசரத்தில் கொஞ்சம் வேகமாகவே ஓட்டினேன். நாலு கியர் வண்டி, ஐந்தாவது கிடையாது. 80-ல் தொடர்ந்து போனால் உள்ளே எல்லாம் உச்சத்தில் சுற்றும். பாதி வழியில் முனகல் கரகரப்பாக மாறியது. பிறகு ஒரு சத்தம், டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குவது போல. கியர் தானாக நழுவி நியூட்ரலில் விழுந்தது. மறுபடி போட்டேன், மறுபடி விழுந்தது. மூன்றாவது முறை உள்ளேயே போகவில்லை.

இருட்டு ரோடு. அந்த அம்மா "பரவாயில்லப்பா, பதறாத" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். மூச்சு வாங்குகிறவர் எனக்கு ஆறுதல் சொன்னார். 108-ஐக் கூப்பிட்டோம். வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போய், ஆக்சிஜன் வைத்து, நாலு நாளில் அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். இதோ முதல் வரிசையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். அவர் குடும்பத்தில் யாரும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் சத்தம் வருவது எனக்குத் தெரியும், அதை அவர்களிடம் சொல்லாமல்தான் வண்டியில் ஏற்றினேன். சொல்லியிருந்தால் வீட்டு வாசலிலேயே 108-ஐக் கூப்பிட்டிருப்பார்கள். இதை இந்த மேடையில் சொல்லியாக வேண்டும் என்றுதான் பேச ஒத்துக்கொண்டேன்.

சரி, ஜூலைக்கு வருகிறேன். திண்டிவனத்தில் வேறொரு மெக்கானிக். அறுபது வயசு இருக்கும், பேச்சு குறைவு. முதலில் அடியில் இருக்கும் ட்ரெயின் போல்ட்டைக் கழற்றினார். தேன் நிறத்தில் வர வேண்டிய ஆயில் பால் டீ நிறத்தில் வந்தது. அதுவும் வர வேண்டிய அளவில் முக்கால் பங்குகூட இல்லை. "வெள்ளத்துல நின்ன வண்டியா சார்?" என்றார். நான் இன்ஜினுக்குத் தண்ணீர் போகவில்லையே என்றேன். சக்கரத்துக்குப் போகும் ஆக்சில் கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் இடத்தில் ஒரு ரப்பர் சீல் இருக்கிறது. அதைத் தொட்டுக் காட்டினார். காய்ந்து விறைத்துப் போயிருந்தது. அதைச் சுற்றி வருஷக்கணக்கான எண்ணெய்ப் பிசுக்கு. "ஆயில் வெளிய வர்ற வழியா தண்ணி உள்ள வராதா சார்?" அவ்வளவுதான் சொன்னார்.

இன்னொரு வழியும் இருக்கிறது. கியர்பாக்ஸ் சூடானால் உள்ளே இருக்கும் காற்று விரியும். அது வெளியேற மேலே ஒரு சின்ன மூச்சுத் துவாரம் வைத்திருப்பார்கள். ஓடிச் சூடான வண்டியைத் திடீரென்று வெள்ளத்தில் இறக்கினால், பெட்டி சட்டென்று குளிரும், உள்ளே காற்று சுருங்கும், அந்தத் துவாரமோ தேய்ந்த சீலோ தண்ணீரை உறிஞ்சிக் கொடுத்துவிடும். ஆகவே நிறுத்தி வைத்த வண்டியைவிட, "மெதுவாக ஓட்டிக் கடந்துவிட்டேன்" என்று சொல்கிறவர்களின் வண்டிக்குத்தான் ஆபத்து கூடுதல்.

தண்ணீர் கலந்தால் என்ன ஆகும்? பல்லும் பல்லும் உரசும் இடத்தில் ஆயில் ஒரு மெல்லிய படலமாக நின்று இரும்பை இரும்பு தொடாமல் காக்கிறது. தண்ணீர் கலந்த ஆயிலால் அந்தப் படலத்தைத் தாங்க முடியாது. உரசல் கூடும், உரசல் கூடினால் சூடு, சூடு கூடினால் ஆயில் இன்னும் நீர்க்கும், இன்னும் உரசும். வட்டிக்கு வட்டி என்று சொல்வோமே, அதே கணக்கு. வண்டி நிற்கும் நாட்களில் பேரிங் குண்டுகளில் துரு பிடித்துக் குழி விழும். அந்தக் குழிதான் முதலில் முனகுகிறது. அந்த முனகலுக்கு வந்து சேர நாலைந்து மாதம் ஆகலாம், எனக்கு ஆனது போல. அதனால்தான் யாரும் வெள்ளத்தோடு முடிச்சுப் போடுவதில்லை.

என் பெட்டியில் இரண்டு பேரிங், சீல்கள், இரண்டாவது கியரின் பித்தளை வளையம், கூலி எல்லாம் சேர்த்து 14,600 ரூபாய். டிசம்பரிலேயே ஆயிலை வடித்து மாற்றியிருந்தால் ஆயிரம், ஆயிரத்து இருநூறுக்குள் முடிந்திருக்கும் என்றார். இரண்டு பில்லையும் வைத்திருக்கிறேன், பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கலாம்.

இனி சத்தத்தைப் பற்றி அவரிடம் கேட்டுக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். எல்லா சத்தமும் நோய் இல்லை. ரிவர்ஸ் எடுக்கும்போது வரும் "ஊய்ங்" புது வண்டியிலும் உண்டு. முன்னால் போகும் கியர்களின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும், ஒன்றை ஒன்று வழுக்கிக்கொண்டு பிடிக்கும். ரிவர்ஸுக்குப் பெரும்பாலும் நேர்ப்பற்கள், மொத்தமாக மோதிப் பிடிக்கும். அதனால் சத்தம். அதற்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

வண்டி நிற்கும்போது, இன்ஜின் ஓடிக்கொண்டு, நியூட்ரலில், கிளட்ச்சை விட்டிருக்கும்போது உறுமல் கேட்டு, கிளட்ச்சை மிதித்தால் நின்றுவிட்டால், கியர்பாக்ஸுக்குள் இருக்கும் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். கிளட்ச்சை மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் அது கிளட்ச் பேரிங், கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டியதில்லை. இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் ஷெட்டுக்குப் போனால், ஒன்றுக்குப் பதில் இன்னொன்றுக்குக் காசு கொடுத்துவிட்டு வரலாம். ஒரே ஒரு கியரில் மட்டும் முனகினால் அந்த ஜோடிப் பற்களில் பிரச்சினை. எந்தக் கியரிலும், நியூட்ரலில் உருட்டினாலும், வேகத்துக்கு ஏற்ப ஒரே மாதிரி "ம்ம்ம்" என்று வந்தால் சக்கர பேரிங்கோ டயரோ. வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது "டக் டக் டக்" என்றால் முன் ஆக்சிலின் வெளி மூட்டு. நியூட்ரலில் உருட்டிப் பார்க்கும் சோதனையைக் காலியான சமதள ரோட்டில் மட்டும் செய்யுங்கள். கோயில் மலையிலிருந்து இறங்கும்போது செய்யாதீர்கள், இன்ஜின் பிடிப்பு இல்லாமல் பிரேக் மட்டும் தாங்க வேண்டி வரும்.

நம் சி பிளாக்கில் ஒரு அம்பாசடர் நிற்கிறது. 1958-லிருந்து 2014 வரை உத்தர்பாராவில் செய்த வண்டி. அதன் கதை வேறு. பின் சக்கரம் தள்ளும் வண்டி, கியர்பாக்ஸ் ஓட்டுநரின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. அதனால் சூடு முதலில் பாதத்துக்குத் தெரியும். அம்பாசடர், பத்மினி மாதிரி வண்டிகளில் நான்காவது கியர் நேரடி இணைப்பு, உள்ளே பற்கள் மேல் பாரம் விழாது. ஒன்று, இரண்டு, மூன்றில் சத்தம் வந்து நாலில் அடங்கிவிட்டால் உள்ளே கீழ்த் தண்டின் பேரிங் தேய்கிறது என்று அர்த்தம். மாருதியில் இப்படி அடங்காது, எல்லாக் கியரும் ஒரு ஜோடிப் பற்கள் வழியாகத்தான் போக வேண்டும். அம்பாசடரில் பின் அச்சு டிஃபரன்ஷியலுக்கு இன்னொரு ஆயிலும் தனியாக உண்டு. போன வருஷம் அதுவும் தண்ணீரில்தான் நின்றது. சார், அதையும் பாருங்கள்.

சூடு எவ்வளவு இருக்கலாம் என்று கேட்டேன். நீண்ட தூரம் ஓடிய கியர்பாக்ஸில் கை வைக்க முடியாது, அது இயல்பு என்றார். நேற்றுவரை இருந்ததைவிடக் கூடுதலா என்பதுதான் கேள்வி. ஆயில் குறைந்தாலும் சூடு, அளவுக்கு மேல் ஊற்றினாலும் சூடு. சக்கரங்கள் ஆயிலைக் கடைந்து நுரைக்க வைத்துவிடும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பக்கவாட்டு போல்ட்டைக் கழற்றினால், ஓட்டையின் விளிம்பு வரை ஆயில் நிற்க வேண்டும். பெரும்பாலான கியர்பாக்ஸ்களில் அவ்வளவுதான் கணக்கு.

கடையில் போய் "90 நம்பர் கியர் ஆயில்" என்று மட்டும் கேட்காதீர்கள். டப்பாவில் ஜி.எல்.4, ஜி.எல்.5 என்று எழுதியிருக்கும். ஐந்து நாலைவிடப் பெரியது, ஆகவே உசத்தி என்று நானும் நினைத்தேன். ஜி.எல்.5 முக்கியமாக டிஃபரன்ஷியலின் பாரத்துக்காக வந்தது. அதில் கலக்கும் கந்தக, பாஸ்பரஸ் சரக்கு பழைய கியர்பாக்ஸ்களில் இருக்கும் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடியது. உங்கள் வண்டியின் கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதை வாங்குங்கள். பழைய கார்களுக்குப் பெரும்பாலும் ஜி.எல்.4 என்றுதான் இருக்கும்.

டூ வீலர் வைத்திருப்பவர்கள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான பைக்குகளில் இன்ஜினுக்கும் கியருக்கும் ஒரே ஆயில், அதை மாற்றியிருந்தால் கவலையில்லை. பழைய வார்ப்பிரும்பு புல்லட்டில் கியர்பாக்ஸ் தனி. கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பல்சக்கரப் பெட்டி உண்டு, சுமார் 100 மில்லி ஆயில்தான் பிடிக்கும். கேட்டால் ஒழிய யாரும் மாற்றுவதில்லை. பின்னாலிருந்து சீட்டி அடிப்பது போலச் சத்தம் வந்தால் அங்கே பாருங்கள்.

இன்ஷூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை, இது எனக்குத் தெரிந்த துறைக்குப் பக்கத்துத் துறை. வெள்ளச் சேதம் முழுப் பாலிசியில், அதாவது சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து எடுத்த பாலிசியில்தான் உண்டு. பழைய வண்டிதானே என்று தேர்டு பார்ட்டி மட்டும் எடுத்திருந்தால், என்னைப் போல, ஒரு பைசா வராது. முழுப் பாலிசி இருந்தாலும் உடனே தெரிவிக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து கியர்பாக்ஸ் சத்தத்தோடு போனால், அது தேய்மானம், இயந்திரக் கோளாறு என்று சொல்வார்கள். அவை இரண்டும் பாலிசியில் விலக்கப்பட்டவை. தண்ணீர் நின்ற உயரம் தெரியும்படி போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செலவு செய்து எதற்கு வைத்திருக்க வேண்டும், தூக்கிப் போட்டுவிடலாமே என்று என் மகள் கேட்கிறாள். நியாயமான கேள்விதான். 15 வருஷத்துக்குப் பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். கார்களுக்கு அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ஆனது. இந்த ஆகஸ்ட் அறிவிப்பின்படி 20 வருஷம் தாண்டியவைக்கு 10,000. எனக்கு அடுத்த முறை 2028-ல். அதுவரை வைத்திருப்பேன், அதற்குள் கண் பார்வை என்ன சொல்கிறதோ பார்ப்போம். ஆனால் இரவில் யாரையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போக இனி என் வண்டியை நம்ப வேண்டாம் என்று மாடியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். 108 நம்பரை லிஃப்ட் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒட்டியும் வைத்தாயிற்று.

கடைசியாகச் செயலாளரிடம் பேசி முடித்த ஒரு ஏற்பாடு. போன டிசம்பரில் கீழ்த்தளத்தில் தண்ணீரில் நின்றவை பதினோரு கார்கள், இருபத்தைந்துக்கு மேல் டூ வீலர்கள். அவற்றில் எத்தனை கியர்பாக்ஸ் ஆயில் மாற்றப்பட்டது என்று விசாரித்தேன். நான்கு. திண்டிவனத்து மெக்கானிக் அக்டோபர் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு இங்கேயே வருகிறார். ட்ரெயின் போல்ட்டைக் கழற்றி ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் பிடித்துக் காட்டுவார். தேன் நிறமாக இருந்தால் மறுபடி மூடிவிடலாம், காருக்கு 150 ரூபாய் கூலி. பால் டீ நிறமாக இருந்தால் வடித்துவிட்டு, விலை குறைந்த ஆயில் ஊற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டி மறுபடி வடித்து, நிறம் தெளிந்த பிறகு நல்ல ஆயில். ட்ரெயின் போல்ட்டின் காந்தத்தில் மாவு மாதிரி இரும்புத் தூள் ஒட்டியிருந்தால் பயம் இல்லை. துண்டு துண்டாக, ஊசி ஊசியாக இருந்தால் அவர் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வார். ஆயிலை அவரவர் வாங்கி வர வேண்டும். பெயர் எழுத வேண்டிய நோட்டு வாட்ச்மேன் அறையில் இருக்கிறது. சி பிளாக் அம்பாசடரை முதல் பெயராக நானே எழுதிவிட்டேன், உரிமையாளர் மன்னிக்க வேண்டும்.